பன்றிக்கென்று வைத்த வெடிமருந்து

1. கப்பல் வராத வாரம்

ஜெர்மன் சண்டை தொடங்கிய செய்தி பாளையங்கோட்டைக்கு வந்தபோது எங்கள் கடையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை சீமையில் நடந்தது. நாங்கள் விற்றதோ உள்ளான் குருவிக்கும் காட்டுப் பன்றிக்கும் சுடுகிற சாமான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தோம். தூத்துக்குடியில் இறங்க வேண்டிய எங்கள் பெட்டிகள் ஒரு வாரம் வரவில்லை. பிறகு ஒரு மாதம் வரவில்லை. பிறகு அவற்றைப் பற்றி விசாரிப்பதையே விட்டுவிட்டோம்.

கடை மீராசா ராவுத்தருடையது. லைசென்ஸ் வாங்கி நடத்திய துப்பாக்கிச் சாமான் கடை. துப்பாக்கி விற்பது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வெடிமருந்து, ஈய ரவை, கேப்பு, தோட்டா இவைதான் அன்றாட வியாபாரம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த நான், தோட்டா அடைக்கும் ஆளானேன்.

இந்த வேலையை இப்போது யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். ஒருமுறை சுட்ட பித்தளைத் தோட்டாவின் கூடு வீணாகாது. அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கிற பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு பதிக்க வேண்டும். அளவுக் கரண்டியால் மருந்து போட வேண்டும். அதன் மேல் ஓர் அட்டை வில்லை, பிறகு கம்பளி வில்லை, பிறகு ரவை, அதற்கு மேல் மெல்லிய அட்டை. மெழுகு வைத்து வாயை அடைத்தால் மறுபடியும் தோட்டா. துரைமாரும் மிராசுதார்களும் காலிக் கூடுகளைக் கூடையில் அனுப்புவார்கள். நான் அடைத்துக் கொடுப்பேன்.

மலையடிவாரத்துச் சம்சாரிகளிடம் தோட்டாத் துப்பாக்கி கிடையாது. பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் கொடுத்த பழைய கேப்புத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைப் போட்டுக் குச்சியால் இடித்துச் சுட வேண்டும். அவர்களுக்கு வேண்டியது கரிமருந்து என்கிற கறுப்பு வெடிமருந்து. மற்றதெல்லாம் எப்படியோ சமாளிப்பார்கள்.

2. தலைப்பிரட்டை ரவை

முதலில் தீர்ந்தது ரவை. ராவுத்தர் திசையன்விளைப் பக்கம் ஆள் அனுப்பி, கடற்கரையில் கழித்துப் போட்ட வலைகளின் ஈயக் குண்டுகளை மூட்டையாக வாங்கினார். கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ஈயத்தை உருக்கி, துளை போட்ட தகரத்தின் வழியாகத் தண்ணீர்த் தொட்டியில் சொட்டவிட்டோம். சீமை ரவை முத்துமுத்தாக இருக்கும். எங்களுடையதற்கு வால் முளைத்திருந்தது.

அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து வந்த ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னவே இது, ரவையா தலப்பிரட்டையா? சுட்டா பறந்து போவுமா, நீந்திப் போவுமா?"

ராவுத்தர் சிரிக்காமல் சொன்னார். "கொளத்துத் தாரா வாத்துக்கு நீந்துத ரவதான் நல்லது. கொண்டுபோவும்."

கம்பளி வில்லைக்குத் துரைமார் வீட்டு ஏலத்தில் பழைய தொப்பிகளை வாங்கினோம். ஒரு தொப்பி ஒரு கூடைத் தோட்டாவுக்குக் காணும். விளிம்பு கீறிய பித்தளைக் கூட்டை வெட்டிக் குட்டையாக்கினோம். கேப்பு கொஞ்சம் பழைய கையிருப்பு இருந்தது. கந்தலை வைத்துக் கோட்டை கட்டுகிற மாதிரி அந்த இரண்டு வருஷத்தை ஓட்டினோம் என்று சொல்லலாம்.

ஆனால் மருந்துக்கு மாற்று இல்லை. தொப்பியை வெட்டி மருந்து செய்ய முடியாது. மதுரையில் விலை இரண்டு மடங்கு என்றார்கள். பிறகு மூன்று மடங்கு என்றார்கள். பிறகு எந்த விலைக்கும் இல்லை என்றார்கள். எங்கள் கடையில் அலமாரிக்குள் சில டப்பாக்கள் மிஞ்சியிருந்தன. அவ்வளவுதான்.

3. பன்றிக்கா, பறவைக்கா

சுடலைமுத்து என்பவர் மணிமுத்தாற்றுக்கு மேற்கே மலையடிவாரத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் வைத்திருந்தார். கடலையும் சக்கரைவள்ளியும் போடுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கடைக்காரன் எல்லாரும் அண்ணாச்சி என்பது அவர் கணக்கு. சண்டையின் இரண்டாம் வருஷம் தை மாதம் அவர் கடைக்கு வந்தபோது துப்பாக்கி கொண்டு வரவில்லை. ஒரு துணியில் சக்கரைவள்ளிக் கிழங்கைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். எல்லாம் பாதி கடித்த கிழங்கு.

"பாத்தீகளா மொதலாளி? இதுதான் இந்த வருசத்து வெள்ளாம. பன்னி தின்னது போக மிச்சம். கொட்டு அடிச்சுப் பாத்தோம், பந்தம் கொளுத்திப் பாத்தோம். அதுக நின்னு வேடிக்க பாக்குதுக. வெடி சத்தம் கேட்டாத்தான் ஓடும். எங்க ஊருல ஒருத்தன் வீட்டுலயும் ஒரு பொட்டு மருந்து கெடையாது."

ராவுத்தர் அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் பெரிய தர்மவான் என்று பெயர் எடுத்தவர் அல்லர். ஒரு தம்படி குறைக்க அரைமணி நேரம் பேச வைப்பார். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே ஞானமுத்து, இனி நம்ம கடையில மருந்து பன்னிக்குத்தான். பச்சிக்கு இல்ல. பயிர்க்காவல் லைசென்சு கொண்டாறவனுக்கு மட்டும் குடு. பழைய வெலதான். ஒரு சல்லி கூடக் கூட்டாத."

"மதுரையில மூணு பங்கு விக்குது, மொதலாளி."

"விக்கட்டும். ரவையில வால் இருந்தா சிரிச்சிட்டுப் போயிருவான். வெள்ளாம போனா என்னத்தச் சிரிப்பான்?"

டப்பாவிலிருந்த மருந்தை மரக்கரண்டியால் அளந்து, எண்ணெய்க் காகிதத்தில் சிறு பொட்டலங்களாக மடித்தேன். ஈரம் ஏறாமலிருக்க ஓரங்களை மூன்று மடிப்பாக மடித்து, முனையை உள்ளே சொருகுவது என் வழக்கம். சுடலைமுத்துவுக்கும் அவர் ஊர்க்காரர்களுக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் லைசென்ஸைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போகும்போது சுடலைமுத்து ராவுத்தரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சோறு போட்டிய மொதலாளி" என்றார்.

ராவுத்தருக்கு அந்த ஒரு வார்த்தை பிடித்துப்போயிற்று. அடுத்த சில நாள் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

4. பட்லர் வந்தார்

ஊரில் பெரிய உத்தியோகத்திலிருந்த ஒரு துரைக்கு உள்ளான் சுடுவதில் பைத்தியம். வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் உள்ளான் வந்து இறங்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கிற சின்னப் பறவை அது. பத்து வெடிக்கு ஒன்று விழுந்தால் கெட்டிக்காரர். ஆகவே தோட்டா கூடைகூடையாகச் செலவாகும். சண்டைக்காலத்திலும் துரை அதை விடவில்லை. அவருடைய பட்லர் ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"மருந்து வேணும் ராவுத்தரே. இல்லேன்னு மட்டும் சொல்லிராதீரும். தொரைக்கு விருந்தாளி வாராக."

"இல்லேன்னு எதுக்குச் சொல்லணும்? இருக்கு. அது பன்னிக்காரனுக்கு வச்சிருக்கது."

பட்லர் சிரித்தார். "என்னவே வெளையாடுதீரா? வெல எவ்வளவுன்னாலும் சொல்லும்."

"வெல பழைய வெலதான். ஆளுதான் வேற."

"நான் தொரகிட்ட இதை இப்படியே சொல்லட்டா?"

"அப்படியே சொல்லும். கூட்டாமக் கொறைக்காமச் சொல்லும்."

பட்லர் எழுந்து போன பிறகு நான் ராவுத்தரிடம், கொஞ்சமாவது கொடுத்திருக்கலாமே, வருஷ முடிவில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமே என்று சொன்னேன். அவர் டப்பாக்களை எண்ணிவிட்டு அலமாரியைப் பூட்டினார். மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் தானாகவே சொன்னார்.

"பயமாத்தான் இருக்கு, ஞானமுத்து. ஆனா குடுத்துட்டு அந்தச் சுடலைமுத்து மூஞ்சியில எப்படி முழிக்க?"

இரண்டு வாரம் கழித்துப் பட்லர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"மருந்து நீரு தராண்டாம். வேற எடத்துல கெடச்சிட்டு. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு மிராசுதாரு தொரைக்கு வேட்டை ஏற்பாடு பண்ணியிருக்காரு. தோட்டா அடைக்க ஒம்ம ஆளை மட்டும் அனுப்பும்."

ராவுத்தருக்கு முகம் தெளிந்துவிட்டது. துரையும் கோபிக்கவில்லை, மருந்தும் பன்றிக்காரனுக்குப் போயிற்று என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. "போயிட்டு வாலே" என்றார். "பைய, கவனமா அடை. நம்ம கடை பேரு கெடப்பிடாது."

5. மிராசுதார் வீட்டுப் பின்கட்டு

ரயிலில் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து மிராசுதார் அனுப்பிய வண்டியில் போனேன். பெரிய வீடு. பின்கட்டில் எனக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். காலிக் கூடுகள் வந்தன. ரவை வந்தது. பிறகு மிராசுதாரின் காரியஸ்தர் உள்ளறையில் வரிசையாக இருந்த நார்ப்பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.

உள்ளே பொட்டலங்கள். எண்ணெய்க் காகிதம். மூன்று மடிப்பு. முனை உள்ளே சொருகியிருந்தது.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. நான் மடித்தது மடித்தபடியே இருந்தது.

"இது எங்கன கெடச்சிது அண்ணாச்சி?" என்று காரியஸ்தரிடம் கேட்டேன்.

"மலையடிவாரத்துப் பயலுவதான். பாளையங்கோட்டையில எவனோ ஒரு ராவுத்தரு இவனுவளுக்குப் பழைய வெலைக்கே குடுக்காராம். இங்கன கொண்டாந்து நெல்லா மாத்திக்கிடுதானுவ. நாங்க ஒண்ணும் அடிச்சுப் பிடுங்கல வே. அவனுவளா வரிசையில வந்து நின்னானுவ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யாராவது பிடுங்கியிருந்தால் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

நான் அடைத்தேன். வந்த வேலை அது. ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து மருந்தை அளந்து போட்டேன். மறுநாள் காலையில் வயலில் துரைக்குப் பின்னால் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கரிமருந்து ஆனபடியால் ஒவ்வொரு வெடிக்கும் வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணை மறைத்தது. துரை பறவையை விட்டுவிட்டுப் புகையைத் திட்டினார். மத்தியானத்துக்குள் நார்ப்பெட்டி அளவு மருந்து ஆகாயத்தில் போயிற்று. விழுந்த உள்ளான்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்தார்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி ராவுத்தரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ரயிலில் யோசித்தேன். எப்படியும் ஒருநாள் தெரியும், என் வாயால் தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த கணக்கு நோட்டை மூடினார். பிறகு முகம் சிவந்து கத்தினார். "சோறு போட்டியன்னு சொன்னாமுல்லா? அந்த வாயாலேயே சொன்னாமுல்லா? நான் தொரையப் பகைச்சிக்கிட்டு வச்சிருந்தேன்லே! சவத்துப் பய. இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கப்பிடாது."

6. ஆஸ்பத்திரி

மிதிக்கும் நிலையிலும் சுடலைமுத்து இல்லை. பங்குனி மாதம் அவரை மாட்டுவண்டியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கடலைக் காட்டில் விடியற்காலையில் பன்றிக் கூட்டம் இறங்கியிருக்கிறது. துப்பாக்கி வீட்டில் இருந்தது, போட மருந்து இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓர் ஆண்பன்றி திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது. வண்டிக்காரன் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நான் ராவுத்தரைப் பார்த்தேன். "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வரமாட்டேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் பத்தடி போயிருப்பேன். பின்னால் அவரும் வந்துகொண்டிருந்தார்.

சுடலைமுத்து படுக்கையில் கிடந்தார். கால் முழுக்கக் கட்டு. காலடியில் அவர் மனைவி மாடத்தி உட்கார்ந்திருந்தாள். ராவுத்தரைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராவுத்தர் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அங்கே கொட்டுவார் என்று பயந்தேன். அவர் குரல் தாழ்வாகத்தான் வந்தது.

"ஏன் வித்த?"

மாடத்திதான் சொல்ல ஆரம்பித்தாள். "போன வெள்ளாமையப் பன்னி தின்னுட்டு மொதலாளி. வீட்டுல ஒரு மணி தானியம் இல்ல. அரிசி விக்குத வெலைக்கு..."

"நீ சும்மா இரு" என்று சுடலைமுத்து தடுத்தார். முகத்தைத் திருப்பாமலே பேசினார். "மொதலாளி, பன்னி திங்கது நாளைக்கு. புள்ளைக அழுதது அன்னைக்கு. அம்புட்டுதான். ஒங்க மருந்துக்கு மிராசுதாரு மூணு பங்கு நெல்லு குடுத்தாரு. அந்த நெல்லுலதான் மாசி முச்சூடும் அடுப்பு எரிஞ்சுது. மருந்த வச்சுக்கிட்டிருந்தா கடலை நின்னிருக்கும். நாங்க நின்னிருக்க மாட்டோம்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு வந்து சொல்ல? மருந்தும் குடுங்க, அரிசியும் குடுங்கன்னா?"

ராவுத்தர் மாடத்தியின் பக்கம் போனார். மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கும்பிடவில்லை. கும்பிடத் தோன்றாத நிலையில் இருந்தாள்.

திரும்பி வரும்போது மருதமரத்து நிழலில் நின்று ராவுத்தர் சொன்னார்.

"அவன் சொன்னதுல தப்பு எங்கன இருக்குன்னு தேடிக்கிட்டே வாரேன், ஞானமுத்து. ஆப்பிட மாட்டேங்கு."

7. பிறகு நடந்தது

வருஷ முடிவில் லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்த மனு திரும்பி வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ராவுத்தர் நாலு ஆபீஸ் ஏறி இறங்கினார். ஒரு குமாஸ்தா மட்டும், "ஒம்ம வாயி கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். பட்லரிடம் பேசியதைச் சொன்னாரோ வேறெதையோ, கடைசிவரை தெரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ராவுத்தர் மேலப்பாளையத்தில் தன் மைத்துனரோடு பாய் வியாபாரத்தில் சேர்ந்தார். நாலு வருஷத்தில் காலமானார். துப்பாக்கிக் கடையைப் பற்றி அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அந்த ஜில்லாவில் அந்த வேலைக்குச் சாமான் இருந்த இடமும் ஒன்றே ஒன்றுதான். மிராசுதார் ஆள் அனுப்பினார். போனேன். ராவுத்தர் கொடுத்ததைவிட நல்ல சம்பளம் கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும். மலையடிவாரத்துச் சம்சாரிகள் இப்போது மருந்து வாங்க அவர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். தாங்கள் விற்றதில் மிராசுதார் மிச்சம் வைத்திருந்த அதே மருந்தை, தாங்கள் விற்றதைவிடக் கூடுதல் நெல்லுக்கு, அதுவும் அடுத்த அறுவடைக்குத் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனார்கள். நான் அளந்து மடித்துக் கொடுத்தேன். காரியஸ்தர் விலை சொன்னார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் மறுபடி உள்ளான் வேட்டை நடந்தது. வயலில் வரிசையாக இறங்கிப் பறவையைக் கலைக்கக் கூலிக்கு ஆள் பிடித்திருந்தார்கள். அந்த வரிசையில் மாடத்தியும் நின்றாள். சுடலைமுத்து கம்பு ஊன்றி நடக்கிறார், வேலைக்கு ஆகாது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்று சொன்னாள். பிறகு என் தோளில் கிடந்த தோட்டாப் பையைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நெறைய வெடி இருக்கா?"

"ஏம்மா?"

"வெடி நெறையப் போட்டா தொர சந்தோசமா இருப்பாராம். அன்னைக்குக் கூலி நெல்லு ஒரு படி கூடப் போடுவாகளாம்."

இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு அது நல்ல செய்தி.

இதை வாசிக்கிற இளைஞர்கள் சிலர் வியாபாரத்துக்கு வருவீர்கள். தட்டுப்பாடு உங்கள் காலத்திலும் வரும். அப்போது விலையை ஏற்றாமல் வைத்திருப்பது நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பசித்தவனுக்கு வேறொரு சாமானை மலிவாகக் கொடுத்தால், அவனிடமிருந்து அது அன்றைக்கே சோறாக மாறிவிடும். சாமான் போய்ச் சேருவதென்னவோ நாம் யாருக்குக் கொடுக்கமாட்டோம் என்றோமோ அவன் வீட்டுக்குத்தான். ராவுத்தர் மருந்தைத்தான் காவல் காத்தார். அரிசியைக் காவல் காக்க அந்த வருஷம் ஒருவரும் இல்லை.